கடன் அண்ணனுடையது, போன் ஏன் சித்திக்கு வருகிறது?

பெரம்பூரில் இருக்கும் ஒருவர் தனிநபர் கடனில் இரண்டு மாத டியூ கட்டவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் அவருடைய சித்திக்குப் போன் போகிறது. "உங்க பேரைத்தான் கேரண்டியா குடுத்திருக்காரு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா உங்க வீட்டுக்கு ஆள் வரும்." அப்படி ஒரு கடன் இருப்பதே சித்திக்கு அந்த நிமிடம்தான் தெரிகிறது.

சித்தி பணம் கட்டமாட்டார் என்று கூப்பிடுகிறவருக்கும் தெரியும். சித்தி பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட வேண்டும், அக்கா மகனிடம் அழ வேண்டும், மகன் வட்டிக்கு வாங்கியாவது கட்ட வேண்டும். அவர் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். அதனால் சித்தி அந்த அழைப்பில் என்ன பேசுகிறார், அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பது கடன் வாங்கியவர் செய்வதைவிட முக்கியமாகிவிடுகிறது. சட்டம் சித்திக்கு எவ்வளவு தூரம் துணை நிற்கும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை இரண்டு தரப்புமே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், அந்த நம்பர் எப்படிப் போனது என்று பாருங்கள். பெரும்பாலும் விண்ணப்பத்தில் 'ரெஃபரன்ஸ்' என்று இரண்டு பேரின் பெயரும் நம்பரும் கேட்டிருப்பார்கள். அவசரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். இல்லையென்றால் லோன் ஆப்பை இறக்கியபோது 'காண்டாக்ட்ஸ்' அனுமதி கேட்டிருக்கும், 'அலவ்' தட்டியிருப்பார். முதல் வகையில் அழைப்பு ஓரிருவரோடு நிற்கும். இரண்டாம் வகையில் சித்தி, பழைய மேனேஜர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மகளின் டியூஷன் டீச்சர் வரை போகும். சம்பந்தமே இல்லாதவர்களுக்கு அழைப்பு போனால் காண்டாக்ட் பட்டியல் திருடப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் புகார் எழுதும்போது தேவைப்படும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் (2022 செப்டம்பரில் வந்தவை, 2025 மே மாதம் புதுப்பிக்கப்பட்டவை) ஆப்கள் காண்டாக்ட் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது என்கின்றன. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றுக்கு மட்டும், அதுவும் கடன் கொடுக்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை, சம்மதம் வாங்கிக் கேட்கலாம். கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் ஆப்களுக்குக் காண்டாக்ட் அனுமதியைத் தடை செய்துவிட்டது. எனவே சித்தியின் நம்பர் ஆப் வழியாகப் போயிருந்தால், அழைப்பில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாவிட்டாலும் விதி ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது.

அடுத்தது, பணம் கட்ட வேண்டிய பொறுப்பு யாருக்கு. கடன் வாங்கியவர், சேர்ந்து கையெழுத்துப் போட்ட இணைக் கடன்தாரர், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் ஆகிய மூன்று பேருக்குத்தான். ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் இல்லை. மனைவி, அப்பா, கூடப்பிறந்தவர் என்ற உறவு மட்டுமே பொறுப்பைக் கொண்டுவராது. ஆனால் ஜாமீன் போட்டவரின் நிலை வேறு: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி அவருடைய பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். "முதலில் அவரிடம் கேளுங்கள்" என்று அவர் ஒதுங்க முடியாது. கூட்டுறவுச் சங்கக் கடனிலும் சீட்டுக் கம்பெனியில் ஏலம் எடுத்த பணத்துக்கும் சொந்தக்காரர்கள் யோசிக்காமல் ஷ்யூரிட்டி கையெழுத்துப் போடுவது நம் ஊரில் சாதாரணம். அந்தப் பழைய கையெழுத்து நினைவில் இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி அவருக்குப் பொருந்தாது.

"நீங்க கேரண்டர்" என்று சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் கையெழுத்துப் போட்ட ஜாமீன் ஒப்பந்தத்தின் நகலை அனுப்புங்கள். போட்டிருந்தால் அனுப்புவார்கள். போடவில்லையென்றால் பேச்சு மாறும். சந்தேகம் இருந்தால் சித்தி தன்னுடைய கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம்; சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். யாராவது அவர் போனுக்கு வந்த ஓடிபியை வாங்கி அவர் பெயரைச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

கடன் வாங்கியவர் இறந்துபோயிருந்தால் அழைப்புகள் இன்னும் கடுமையாக இருக்கும், குடும்பமும் துக்கத்தில் 'சரி, கட்டுகிறோம்' என்று சொல்லிவிடும். வாரிசுகள் பொறுப்பாவது அவர் விட்டுப்போன சொத்தில் தங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான். சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. கடனோடு காப்பீடு சேர்க்கப்பட்டிருந்ததா என்று முதலில் பாருங்கள். பல தனிநபர் கடன்களில் பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்திருப்பார்கள். குடும்பத்துக்கு அது தெரிந்தே இருக்காது.

இனி, விதிகள். கடன் வசூல் ஏஜென்டுகளின் நடத்தையைக் கட்டுப்படுத்தவென்றே நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. ரிசர்வ் வங்கியின் உத்தரவுகள், குற்றவியல் சட்டப் பிரிவுகள், தமிழ்நாட்டின் சட்டங்கள் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். இவற்றில் சித்திக்கு நேரடியாக உதவுவது 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள். வசூல் ஏஜென்ட் எவரையும் மிரட்டவோ துன்புறுத்தவோ கூடாது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. முறையற்ற செய்தி அனுப்பக் கூடாது. பெயர் சொல்லாமல் அழைக்கக் கூடாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது. குறுங்கடனுக்கு, அதாவது ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடனுக்கு, நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை. அந்த விதிகளில் உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் ஆகியோரைத் துன்புறுத்துவது தடை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. குழுக் கடனுக்கு வசூல், இருவரும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வது விதிமீறல் என்பதை அந்தக் குழுத் தலைவிகளே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு மங்கலான இடம் இருக்கிறது. "அவர் போன் எடுக்கலை, எங்களைக் கூப்பிடச் சொல்ல முடியுமா?" என்று மரியாதையாக ஒரே ஒரு முறை ரெஃபரன்ஸைக் கேட்டால், அதைத் துன்புறுத்தல் என்று நிரூபிப்பது கடினம். கடன் எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி என்று சித்தியிடம் சொன்ன நிமிடத்தில் வாடிக்கையாளரின் ரகசியம் மீறப்படுகிறது. "இனி அழைக்காதீர்கள்" என்று சித்தி சொன்ன பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பும் துன்புறுத்தலுக்குச் சான்றாகிறது. அதனால் அந்த வாக்கியத்தை சித்தி சொல்லியே ஆக வேண்டும். சொன்னதற்குப் பதிவும் இருக்க வேண்டும்.

அழைப்பு வந்தால் சித்தி பேச வேண்டியது அரை நிமிடம். "உங்க பேரு, ஏஜென்சி பேரு, எந்த பேங்க் இல்ல ஃபைனான்ஸ் சார்பா பேசுறீங்க, ஏஜென்ட் ஐடி என்ன?" எழுதிக்கொள்ளவும். "நான் இந்தக் கடன்ல கையெழுத்துப் போடலை. இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க. எதுவா இருந்தாலும் அவர்கிட்ட எழுத்துல அனுப்புங்க." வைத்துவிடவும். அதே வரிகளை உடனே அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸாகவும் அனுப்பிவிட்டால் நேரம், தேதியோடு ஆதாரம் தயார். பேசக் கூடாதவையும் உண்டு: அவருடைய புது முகவரி, வேலை செய்யும் இடம், மாமியார் வீட்டு நம்பர். "நான் பாத்து கட்ட சொல்றேன், கொஞ்சம் டைம் குடுங்க" என்பது ஆபத்தான வரி. சித்தியை அந்தக் கணக்கில் ஒரு ஆளாகவே சேர்த்துவிடுவார்கள். "ஒரு ஆயிரம் போட்டு விடுங்க, ஒரு வாரம் தொல்லை இருக்காது" என்றால் போடவே வேண்டாம். சித்தியிடம் ஒரு முறை பணம் வந்துவிட்டால், அடுத்த மாதமும் முதல் போன் அங்கேதான்.

நம்பரை உடனே பிளாக் செய்துவிட வேண்டாம். கோபம் புரிகிறது, ஆனால் பிளாக் செய்தால் எண்ணிக்கை கிடைக்காது. ஒரு வாரம் சைலண்டில் போட்டுவிட்டு, தினமும் இரவு அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், நம்பர், சொன்ன வார்த்தைகள் என்று நான்கு பத்தி. வாட்ஸ்அப் செய்தியாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். அனுப்பியவர் அழித்துவிடுவது வழக்கம். குரல் பதிவைச் சுருக்கவோ வெட்டவோ கூடாது. பதிவான போனை மாற்றவும் விற்கவும் வேண்டாம்: நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

கடன் வாங்கியவர் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதை அவர் அவமானத்தால் தள்ளிப்போடுகிறார். ஏஜென்ட் சொல்வதற்கு முன் தானே சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுவது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று வரி போதும்: "எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கு, பேசிக்கிட்டிருக்கேன். உங்களுக்கு யாராவது போன் பண்ணா எதுவும் கட்டாதீங்க, எதுவும் சொல்லாதீங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் எனக்கு அனுப்புங்க." இதை அனுப்பிய பிறகு ஏஜென்டிடம் மிச்சமிருக்கும் பலம் மிகக் குறைவு. பிறகு ஆப்பின் காண்டாக்ட் அனுமதியை எடுத்துவிடவும். ஆப்பை நீக்குவதற்கு முன் கடன் ஒப்பந்தம், கட்டிய தவணைகள், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளவும். பலர் பயத்தில் ஆப்பை அழித்துவிட்டு, பின்பு யார்மேல் புகார் கொடுப்பது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். அனுமதியை எடுத்தால் இனிமேல் எடுப்பது நிற்கும். ஏற்கெனவே எடுத்தது அவர்களிடம்தான் இருக்கும்.

புகார் எங்கே என்பது கடன் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கியில் பதிவான வங்கி அல்லது நிதி நிறுவனம் என்றால், முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு மெயில். ஏஜென்சி செய்ததற்கு எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே. மெயிலில் கடன் எண், அழைத்த நம்பர்கள், தேதி, நேரம், யாரிடம் என்ன சொன்னார்கள், மூன்றாம் நபர் அழைப்பை நிறுத்தியதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், ஏஜென்டின் பெயரும் அங்கீகாரக் கடிதமும் வேண்டும் என்று எழுதுங்கள். "மனரீதியாகச் சித்திரவதை செய்கிறார்கள்" என்ற வரிக்கு அச்சடித்த பதில்தான் வரும். "14-ஆம் தேதி இரவு 9.20-க்கு என் சித்தியிடம் கடன் தொகையைச் சொன்னார்கள்" என்று எழுதினால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். சென்னையில் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே சட்டத்தின் ஒரு எல்லை இருக்கிறது. அந்தக் குறைதீர்ப்பாளர் திட்டம் வாடிக்கையாளருக்கானது. சித்தி வாடிக்கையாளர் இல்லை. எனவே புகாரை கடன் வாங்கியவர் பெயரில் போட்டு, சித்தியின் எழுத்து வாக்குமூலத்தையும் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைப்பதே பாதுகாப்பான வழி. நிறுவனத்துக்கு நேரடி மெயில் மட்டும் சித்தியே தன் பெயரில் தனியாக அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில்தான் பலர் மனம் உடைந்து திரும்புகிறார்கள். "கடன் வாங்கினா கட்டணும்ல, இது சிவில் மேட்டர்" என்று ரைட்டர் சொல்லிவிடுவார். பெட்டிஷன் "நான் 2 லட்சம் கடன் வாங்கினேன்" என்று தொடங்குவதால் வரும் பதில் அது. நடந்த செயலை முதல் வரியில் வையுங்கள். திட்டுவது, வெறும் மிரட்டல், அவதூறு போன்றவற்றில் பல, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாத வகையைச் சேர்ந்தவை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தது, வழியை மறித்தது, பெண்ணைப் பின்தொடர்ந்தது, பெண்ணின் மானத்தைக் குலைக்கும்படி பேசியது, "நான் க்ரைம் பிராஞ்ச்லேர்ந்து பேசுறேன்" என்று பொய் சொன்னது ஆகியவற்றில் நேரடியாகப் பதியலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் முறையே 329, 126, 78, 79, 204-ஆம் பிரிவுகள். நடந்திருந்தால் அந்தச் செயலை அப்படியே எழுதுங்கள், நடக்காததைச் சேர்க்காதீர்கள். இந்தப் புகாரை சித்தி கொடுத்தால் வலு அதிகம். அவருக்குக் கடனே இல்லை. 'சிவில் மேட்டர்' என்ற வார்த்தை அவரிடம் செல்லாது. இரண்டு பிரதி கொண்டுபோய் சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். வாங்க மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், சென்னை என்றால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 எண்ணில் கேட்கலாம்.

கடன் கொடுத்தது தனியார் வட்டிக்காரர் என்றால் ரிசர்வ் வங்கி விதி எதுவும் உதவாது. அங்கே தமிழ்நாட்டின் சட்டங்கள்தான். கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டத்தில் வருகின்றன. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2025-இல் வந்த புதிய மாநிலச் சட்டம், கடன் வாங்கியவரோடு அவருடைய குடும்பத்தாரையும் மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டில் வந்து தொல்லை கொடுப்பது ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. வட்டிக்காரர் வாங்கிவைத்த வெற்றுக் காசோலை, நிரப்பாத பத்திரம் ஆகியவற்றின் விவரத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்கு போலத் தெரியும்.

மூன்றாம் வகை, பெயரே இல்லாத ஆப்கள். லிங்க் அனுப்பி இறக்கச் சொல்வார்கள், 7 நாள் தவணை, 5,000 கேட்டால் 3,000 வரும். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் 2025 ஜூலை முதல் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லையென்றால் எச்சரிக்கையாக இருங்கள். இவர்கள்தான் படத்தை மார்ஃபிங் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறவர்கள். இவர்களுக்குக் குறைதீர் அதிகாரியும் கிடையாது, 30 நாள் காத்திருப்பும் வேண்டாம். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து, தேசிய சைபர் குற்றத் தளத்தில் அன்றே பதியுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சாசெட்' புகார் தளத்திலும் போடுங்கள். பணம் அனுப்பிய யுபிஐ ஐடியும் பரிவர்த்தனை எண்ணும் அழைத்த நம்பரைவிட முக்கியம். நம்பர் நாளைக்கு மாறிவிடும். பணம் போன கணக்கைப் பிடித்துக்கொண்டு மேலே போக முடியும். 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு இத்தகைய ஆப் வழக்கில் சீனர்கள் இருவர் உட்படச் சிலரைப் பெங்களூரில் கைது செய்தது. மார்ஃபிங் மிரட்டலில் பணம் கட்டினால் நிற்காது, கட்டுகிறவர் என்று பட்டியலில் ஏறிவிடும். அந்த இரவில் பிள்ளை தனியாக அறையைச் சாத்திக்கொண்டால் விட்டுவிடாதீர்கள், கூடவே உட்காருங்கள். உதவி எண்களான 14416 (மனநல ஆலோசனை), 104 இரண்டிலும் எந்த நேரமும் பேச ஆள் உண்டு. படத்தைப் பார்த்த சொந்தக்காரர் அவனைக் கூப்பிட்டு "இது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் 'கைது வாரண்ட்' படங்களைப் பற்றி. தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றைக் கட்ட முடியாமல் போனதற்காகக் கைது கிடையாது. ஆனால் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கு வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆணை பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அதேபோல வழக்குப் போடலாம். அந்த நோட்டீஸ் வந்தால் 15 நாள் கெடு. அதை ஏஜென்டின் மிரட்டல் என்று நினைத்துக் குப்பையில் போடக் கூடாது. நீதிமன்றத்தின் பெயரில் எது வந்தாலும் இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் இல்லாத 'சம்மன்' என்றால் அனுப்பியவரிடம் எண் கேளுங்கள்.

இத்தனை புகாரும் வசூலிக்கும் முறையை மட்டும்தான் கட்டுப்படுத்தும். கடன் அப்படியே நிற்கும், வட்டி ஏறும், சிவில் வழக்கும் மத்தியஸ்தமும் வரலாம். அதனால் புகார் ஒரு பக்கம் போகட்டும், பேச்சு இன்னொரு பக்கம் நடக்கட்டும். ஏஜென்டிடம் வேண்டாம், நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள்: தவணையை நீட்டுவதா, ஒரே தொகையில் முடிப்பதா. ஒரே தொகை என்றால் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மெயிலில் கடிதம் வந்த பிறகே பணம், அதுவும் கடன் கணக்குக்கே. ஏஜென்டின் ஜிபேவுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. குறைத்து முடித்தால் கிரெடிட் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும், அடுத்த கடன் கிடைப்பது சிரமமாகும். அதைத் தெரிந்தே முடிவெடுங்கள். முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, அறிக்கையில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். திருத்தக் கோரி 30 நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அந்தச் சான்றிதழின் ஒரு நகலை சித்திக்கும் அனுப்பிவையுங்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வேறொரு ஏஜென்சி கூப்பிடுவது அடிக்கடி நடக்கிறது. போன் முதலில் போவது மறுபடியும் அவருக்குத்தான்.